விளக்கு முனி

பெல்லன்கந்த தோட்டத்து விளக்குக் கம்பத்தின் அடியில் வெற்றிலை எச்சிலைத் துப்பாமல் மல்லிகா ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து இறங்கி ரப்பர் மலைக்குத் திரும்பும் முடக்கில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில், அந்த இரும்புத் தூண் நின்றது. உச்சியில் ஒரு கூடு. கூட்டில் கண்ணாடி இல்லை, உள்ளே திரி இல்லை. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அது எரிந்து மல்லிகா பார்த்ததில்லை. எரியாத விளக்குக்கு எச்சிலே அதிகம் என்பது அவளுடைய தீர்மானம்.

யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்த விளக்கு. பங்களாவில் விருந்து தின்று குடித்துவிட்டு வரும் மற்றத் துரைமார் பள்ளத்தில் விழுந்து தொலையக் கூடாது என்று வைத்தது. லயத்துப் பக்கம் வெளிச்சம் போய் வீணாகக் கூடாதே என்று கூட்டின் அந்தப் பக்கத்தில் மட்டும் தகரம் அடித்திருந்தார்கள். துரை போனான், பங்களா இடிந்தது, கண்ணாடி உடைந்தது. தகரம் மட்டும் அசையவில்லை. இன்றைக்கும் அது லயத்தைப் பார்த்தபடியே இருந்தது.

ஆனாலும் அதுவரை அந்தத் தூண் நாலு பேருக்கு உதவியாகத்தான் இருந்தது. ஆடு கட்டுவார்கள், துணி காயப் போடுவார்கள், சங்கத்து நோட்டீசை ஒட்டுவார்கள். கெட்ட காலம், துரையின் பேத்தி என்று ஒரு வெள்ளைக்காரி வந்து அதைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருடமே மரபுரிமைக் காப்புக் குழு என்று ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தூணைச் சுற்றிச் சங்கிலி போட்டார்கள், மூன்று மொழியில் பலகை நட்டார்கள். 'அன்றைய தொழிலாளரின் வாழ்வில் ஒளியேற்றிய விளக்கு' என்று பலகை சொன்னது. அதைச் சுற்றிப் பத்து யார் தூரத்துக்குள் தோண்டுவதும் கட்டுவதும் தண்டனைக்குரிய குற்றம் என்றும் சொன்னது. மல்லிகா முழுவதையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். துப்புவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. துப்பிவிட்டுப் போனாள்.

மல்லிகாவுக்கு வாய் நீளம் என்று லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். "இந்த ஒத்தக் காம்பரா வீட்டுல வேற எதைங்க நீட்ட முடியுது?" என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

அந்த வாய்க்கும் ஒரு சோதனை வந்தது. அவள் புருஷன் செல்லையாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் முள் குத்திய புண் ஆறாமல் உள்ளே போய்விட்டது. கிழமைக்கு ஒரு தடவை கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும், கட்டுத் தவறினால் கால் தப்பாது என்று டாக்டர் நோனா சிங்களத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். லயத்துக்கு வண்டி வராது. செங்குத்தான கல் படிகளில் அவரைக் கம்பளியில் போட்டு விளக்கடி வரை தூக்கி வர வேண்டும், அதற்கு நாலு ஆண்கள் வேண்டும். ஆண்களோ விடிந்தால் ரப்பர்ப் பால் வெட்டு மலையில். மழை பெய்து வேலை நின்ற நாட்களில்தான் ஆள் கிடைக்கும். அப்போதும் வாசல் வாசலாகப் போய்க் கெஞ்ச வேண்டும். வருடக் கணக்காக யாரையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினாளோ, அவர்கள் வாசலிலேயே போய் நின்று, "தம்பி, கொஞ்சம் கை குடுக்குறியா" என்று கேட்க வேண்டியிருந்தது. ஏசுவதற்கு ஏறாத வெட்கம் கேட்பதற்கு ஏறியது. செல்லையாவின் காலை நினைத்துக் கேட்டாள்.

இந்த நேரத்தில் பிரதேச சபையிலிருந்து கொங்கிரீட் பாதை வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் கேட்ட பாதை. பஜார் ரோட்டிலிருந்து கிளம்பி, மலையைச் சுற்றி, கடகடவென்று மேலே ஏறி வந்து, விளக்கடிக்கு வந்ததும் நின்றுவிட்டது. பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பதே அந்த ஒரு வழி, வழியின் நடுவில் அந்தத் தூண். அந்தப் பத்து யார் தூரத்துக்குள் மண்வெட்டி பட்டால் வழக்கு. மிச்சச் சீமெந்தைக் கொந்தராத்துக்காரன் வேறு எங்கோ ஏற்றிக்கொண்டு போனான். ஒரு பாதை ஒரு கம்பத்துக்குப் பயந்து நின்றதை மல்லிகா அப்போதுதான் முதல் தடவை பார்த்தாள்.

குழுவிலிருந்து அடிக்கடி வந்து தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர் உருத்திரமூர்த்தி. யாழ்ப்பாணத்து ஆள், கேகாலையில் உத்தியோகம். மழை இல்லாத நாளிலும் குடை பிடிப்பார். அவர் ஒரு நாள் தூரிகையால் தூணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மல்லிகா பால் வாளியோடு வந்து வழக்கம்போல் துப்பினாள்.

"அம்மா, இதிலை துப்பக் கூடாது."

"எங்க துப்பலாம்னு ஒரு போர்டு போடுங்க ஐயா. அங்க போயித் துப்புறேன்."

"இது நூறு வருசத்துக்கு மேலை பழசு, விளங்குதோ? இந்த மாதிரி ஒண்டு இந்த மாகாணத்திலையே இல்லை."

"எங்க லயமும் அதே வயசுதாங்க. மழ பேஞ்சா உள்ளுக்குத்தான் பேயுது. அதையும் சங்கிலி போட்டுப் பாதுகாக்கலாமுல்ல."

"அது வேறை. அதுக்கு மரபுரிமைப் பெறுமதி இல்லை."

"இருக்காதுங்க. அதுலதான் நாங்க குடியிருக்கோமே."

உருத்திரமூர்த்தி காதில் விழாததுபோல் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். மல்லிகா செல்லையாவின் காலைப் பற்றிச் சொன்னாள். தூணை நாலு முழம் கீழே தள்ளி நட்டால் பாதை லயம் வரை போகும், வண்டி வாசலுக்கு வரும் என்றாள். தன்னால் முடிந்த அளவு மரியாதையாகத்தான் சொன்னாள்.

"பாவம்தான். ஆனால் ஒரு அங்குலமும் அசைக்கேலாது," என்றார் அவர். பிறகு தூரிகையை உதறிக்கொண்டே, பேச்சுவாக்கில் சொன்னார். "தோட்டத்துச் சனத்துக்கு இதுகளின்ரை அருமை தெரியாது. குருவிட்டைப் பக்கம் ஒரு பழைய மணிக்கம்பம் இருந்தது. உங்கடை ஆக்கள் அதுக்குப் பொட்டு வைச்சு, சூலம் குத்தி, சாமியாக்கிப் போட்டினம். குழு கையைக் கழுவி விட்டிட்டுது. கோயில் எண்டால் நாங்கள் தலையிடுறதில்லை. ஆருக்கு வீண் சண்டை?"

மல்லிகா பால் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

நேரே தலைவர் மூக்கையாவிடம் போனாள். தோட்டத்தில் சங்கத் தலைவர் என்றால் கூட்டத்துக்கு வெள்ளை வேட்டி கட்டுவதும், இப்போதைய மானேஜர் துரையைப் பார்க்கப் போய் வெறுங்கையோடு திரும்புவதும்தான் வேலை. அந்த வேலையை மூக்கையா குறையில்லாமல் செய்து வந்தார். மல்லிகாவின் யோசனையைக் கேட்டதும் தொடையில் தட்டிச் சிரித்தார். குழு பலகையைக் கழற்றிக்கொண்டு போனதும் தூணைப் பிடுங்கி இடிந்த பங்களா வாசலில் நட்டுவிடுவது, பாதையை மேலே கொண்டுபோவது என்று பேசி முடித்தார்கள்.

"சொன்னபடி பிடுங்கிறணும் தலைவரே. அப்புறம் இழுக்கக் கூடாது."

"சத்தியமாக்கா. மாமாவோட காலு என்னோட காலு மாதிரி," என்றார் மூக்கையா.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் மல்லிகா ஒரு வாளித் தண்ணீரோடு போய்த் தூணின் அடியைத் தேய்த்துக் கழுவினாள். இத்தனை வருடமாகத் துப்பிய கறை. தன் எச்சிலைத் தானே கழுவ வேண்டி வந்ததே என்று முகம் சுளித்தாள். ருவான்வெல்லைப் பஜாரில் வாங்கிய சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பினாள், மஞ்சள் துணி சுற்றினாள், எலுமிச்சம்பழத்தை வெட்டி வைத்தாள். கேட்டவர்களிடம், விளக்கு முனி கனவில் வந்ததாகச் சொன்னாள். சொல்லும்போது சிரிப்பை அடக்கக் கன்னத்தில் வெற்றிலையை அதக்கிக்கொண்டாள்.

செல்லையா படுக்கையில் கிடந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். "தேயிலைக்காரங்க ஸ்டோர் ரோதைச் சக்கரத்துக்கு ஒரு முனி வச்சிருக்காங்க. செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கு ஒரு சாமி வச்சிருக்காங்க. நம்ம பக்கம்தான் கொறையா இருந்துச்சு. அவரு என்னா திம்பாரு, மண்ணெண்ணெயா?"

அந்த மாதம் முழுவதும் விடியற்காலை மழை. பால் வெட்டிச் சிரட்டை கட்டிவிட்டு வந்தால், எடுப்பதற்குள் மழை வந்து பாலைக் கரைத்துக்கொண்டு போகும். அந்த வெள்ளிக்கிழமை சிரட்டைப் பால் எல்லாம் எடுத்து முடிகிற வரைக்கும் மழை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், மல்லிகாவின் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிற ஷாமிளா, முதல் சிரட்டைப் பாலைக் கொண்டுவந்து தூணின் மேல் ஊற்றிக் கும்பிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் ஊற்றினாள். கிழமை முடிவதற்குள் மலைக்குப் போன அத்தனை பேரும் முதல் பாலை முனிக்கு ஊற்றாமல் வாளியைத் தூக்கவில்லை.

மழைக்காலம் முடிந்துவிட்டது, அதனால் மழை நின்றது. இதைச் சொல்ல மல்லிகாவுக்கு நாக்கு துடித்தது. குழு வந்து பார்க்கட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். ஊரோடு ஒத்து அவளும் ஒரு சிரட்டை ஊற்றினாள். ரப்பர் பால் தண்ணீர் அல்லவே. காயக் காய உறைந்தது, வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, தோலின் மேல் தோலாக ஏறியது. தூண் அடியில் பெருத்து, இடுப்பு வைத்து, பார்க்கிறவர்களுக்கு ஆள் நிற்பது மாதிரியே தெரிய ஆரம்பித்தது. மூக்கையா எங்கிருந்தோ ஒரு சூலம் கொண்டுவந்து நட்டார். அவர் வெள்ளை வேட்டியை விட்டுச் சிவப்புத் துண்டுக்கு மாறியிருந்ததை மல்லிகா கவனித்தாள். வேஷம் நன்றாகத்தான் போடுகிறார் என்று மெச்சவும் செய்தாள்.

மழை நின்றதில் இன்னொன்றும் நடந்தது. தினமும் வேலை நாளாகிவிட்டது. செல்லையாவைத் தூக்க ஒரு ஆண் லயத்தில் இல்லை. கட்டு மாற்றும் நாள் ஒன்று தவறியது, அடுத்ததும் தவறியது. "கொஞ்சம் பொறுங்க. பாத வந்துரும், த்ரீவீல் வாசல்ல வந்து நிக்கும்," என்று மல்லிகா அவருக்குச் சொன்னாள். செல்லையா சரி என்றார். அவர் எதற்கும் சரி என்கிற மனுஷன்.

குழுவின் பெரியவர்கள் இரண்டு பேரோடு உருத்திரமூர்த்தி வந்தார். ரப்பர்த் தோல் போர்த்தி, குங்குமம் வழிந்து, சூலத்தோடு நின்ற தூணைப் பார்த்து அவர் குடையை மடக்கக்கூட மறந்து நின்றார். பெரியவர்கள் சிங்களத்தில் தங்களுக்குள் இரண்டு வார்த்தை பேசி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டு, பலகையையும் சங்கிலியையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார்கள்.

"ஒரு அருமையான சாமானைக் கெடுத்துப் போட்டியள், அம்மா," என்றார் உருத்திரமூர்த்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்புட்டு அருமையா இருந்தா கையோட கொண்டு போங்க ஐயா. பிடுங்க ரெண்டு ஆளு தாரேன்."

"சாமியை ஆர் தூக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். ஒரு இரும்புக் கம்பத்துக்காகக் கண் கலங்குகிற மனுஷன் லயத்துக்கு ஒரு எட்டு ஏறி வந்து பார்த்ததில்லை என்று நினைத்தபோது மல்லிகாவுக்கு அவர் மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

அன்றைக்கே சபைக்குச் சொல்லி அனுப்பினார்கள். கொந்தராத்துக்காரனின் மேஸ்திரி பாஸ் மண்வெட்டி ஆட்களோடு வந்தான். முடக்கில் திரும்பியதும் சூலத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றினான். "மேக்க தேவாலயக் நே. அபிட்ட அத தியன்ன பே," என்றான் சிங்களத்தில். கோயிலில் கை வைக்க அவனும் தயாரில்லை. வந்த வழியே ஆட்களைத் திருப்பிக்கொண்டு போனான்.

மல்லிகா மூக்கையாவைத் தேடிப் போனாள். அவர் விளக்கடியில்தான் உட்கார்ந்திருந்தார், நெற்றி நிறைய விபூதியோடு.

"தலைவரே, போர்டு போயிருச்சு. நாளைக்கே பிடுங்கிருவோம்."

மூக்கையா அவளைப் பார்க்காமல் தூணைப் பார்த்தார். "முனி எடத்த விட்டு வர மாட்டேங்கிறாருக்கா. நேத்து எம்மேல எறங்கிச் சொல்லிட்டாரு. வண்டிச் சத்தம் அவருக்கு ஆவாதாம்."

"எந்த முனி?"

"இதென்ன கேள்வி?"

மல்லிகா வீட்டுக்குப் போய் அலவாங்குக் கடப்பாரையை எடுத்து வந்தாள். தூணின் அடியில் ஒரு குத்துக் குத்தினாள். ரப்பர்த் தோலில் பட்ட அலவாங்கு துள்ளித் திரும்பியது. இரண்டாவது குத்துக்கு ஓங்குவதற்குள் லயமே கூடிவிட்டது. ஷாமிளா ஓடி வந்து தூணுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள்.

"அத்த, வேணாம். மழையக் கொண்டாந்துறாதீங்க. புள்ளைகளுக்கு இப்பதான் ரெண்டு வேள சோறு."

"அடியே, இது முனியும் இல்ல சனியும் இல்ல. பஜார்ல நான் வாங்குன குங்குமம்டி. நாந்தான் வச்சேன். கனவும் பொய்யி. இந்தா நிக்கிறாரே தலைவரு, அவருக்கும் தெரியும். கேளு."

எல்லாரும் மூக்கையாவைப் பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை.

"அக்கா சொல்றது நெசம்தான். அவுக வெளையாட்டுக்குத்தான் வச்சாக," என்றார் நிதானமாக. "இத்தன பேரு இருக்க, எச்சி துப்பிக்கிட்டுக் கெடந்த கையாலதான் குங்குமம் வாங்கிக்கணும்னு முனி நெனச்சிருக்காரு பாருங்க. அந்தப் புத்திய அக்காவுக்குக் குடுத்ததே அவருதான்."

ஷாமிளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டம் முழுவதும் போட்டுக்கொண்டது. மல்லிகா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். குழுக்காரனை ஏசியிருக்கிறாள், துரையை ஏசியிருக்கிறாள், செத்துப்போன வெள்ளைக்காரனையும் ஏசியிருக்கிறாள். அவர்களெல்லாம் ஏச்சுக்குக் கொஞ்சமாவது லாயக்கானவர்கள். இந்தச் சனத்தை ஏச அவளிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்காத கதையைக் கேட்டிருக்கிறாள், பூசாரியைத் தானே செய்து வைத்த கதையை இன்றைக்குத்தான் பார்த்தாள். அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறினாள்.

அந்தக் கிழமையே செல்லையாவுக்குக் காய்ச்சல் கண்டது. கால் கணுக்கால் வரை கறுத்து, அதற்கு மேலும் வீங்கியது. மல்லிகா பால் வெட்டு மலைக்கே ஓடிப் போய், பக்கத்து லயத்து யோகராஜையும் இன்னும் மூன்று பேரையும் பாதி வேலையில் இழுத்து வந்தாள். கம்பளியில் போட்டுப் படி இறக்கினார்கள். கீழே கொங்கிரீட்டில் பஜாரிலிருந்து வந்த நுஹ்மானின் த்ரீவீல் ஆட்டோ சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. விளக்கடிக்கு வந்ததும் நாலு பேரும் செல்லையாவைத் தரையில் இறக்கி வைத்தார்கள்.

"என்னாடா செய்றீங்க?"

"ஒரு நிமிசம் அத்த. செருப்போட போகக் கூடாது," என்றான் யோகராஜ்.

செருப்பைக் கழற்றினார்கள், விழுந்து கும்பிட்டார்கள், விபூதி எடுத்தார்கள். செல்லையா தரையில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தார். மல்லிகாவுக்கு அந்த நாலு பேரையும் பள்ளத்தில் தள்ள வேண்டும் போல் இருந்தது. தள்ளினால் தூக்க ஆள் இல்லை. கம்பளியின் ஓரத்தை இழுத்துச் செல்லையாவின் மேல் போர்த்தினாள்.

கரவனெல்லையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இரண்டு கிழமை முந்தி வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் நோனா ஏசினாள். மல்லிகா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அந்த ஏச்சு ஒன்றுதான் இத்தனை நாளில் அவள் கேட்டதில் நியாயமான பேச்சு.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு த்ரீவீல் விளக்கடி வரை வந்து நின்றது. அதே நாலு பேர், அதே கம்பளி. தூக்கி நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடியும் முனியின் முன்னால் இறக்கினார்கள். மூக்கையா கற்பூரத் தட்டோடு காத்திருந்தார்.

"காலைத்தான எடுத்தாரு, உசுரக் குடுத்துட்டாரு பாத்தீங்களா," என்றார்.

"மாமா இப்ப தூக்க லேசா இருக்காரு," என்றான் யோகராஜ். நல்ல மனதோடுதான் சொன்னான்.

செல்லையா சிரிப்பார் என்று மல்லிகா எதிர்பார்த்தாள். முனி மண்ணெண்ணெய் குடிப்பாரா என்று கேட்டவர் அவர்தான். குங்குமம் எந்தக் கடையில் வாங்கியது என்பதுகூட அவருக்குத் தெரியும். செல்லையா சிரிக்கவில்லை. கம்பளியில் உட்கார்ந்தபடி, அந்த ரப்பர்த் தோலைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். இன்னொரு காலிலும் ஒரு சின்னப் புண் இருந்தது, அது அவளுக்கும் தெரியும்.

"நீயும் கும்பிடு மல்லிகா," என்றார். "இந்தக் காலையாவது விட்டு வைக்கட்டும்."

மூக்கையா விபூதித் தட்டை அவள் பக்கம் நீட்டினார். "அக்காவே பூசி விடட்டும். மொதக் கை அவுக கைதானே."

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் மென்ற வெற்றிலை. மல்லிகாவின் வாய் நிறைந்திருந்தது. தூணின் அடியைப் பார்த்தாள். மூக்கையாவைப் பார்த்தாள். கூப்பிய கையைக் கீழே போடாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த செல்லையாவைப் பார்த்தாள். எச்சிலை மடக்கென்று விழுங்கினாள், நெஞ்சு எரிந்தது. தட்டிலிருந்து விபூதியை அள்ளி அவர் நெற்றியில் பூசினாள்.